வெளியே தெரியாத புண்

ஸ்டீவ் யங் கடைசியாக ஆடிய ஆட்டம் 1999 செப்டம்பர் 27 அன்று அரிசோனாவில் நடந்தது. திங்கட்கிழமை இரவு ஆட்டம். அமெரிக்காவில் அது ஒரு தனி வழக்கம்; அந்தக் காலத்தில் அன்றிரவு பொதுவாக வேறு ஆட்டம் இருக்காது, எல்லார் கண்ணும் அந்த ஒரு மைதானத்தின் மேல் இருக்கும். எதிரணியின் ஏனியஸ் வில்லியம்ஸ் தடுப்பாரின்றி ஓடிவந்து மோதினார். யங் விழும்போது அவர் தலை தம் அணித்தோழர் ஒருவரின் காலில் இடித்துத் தரையில் மோதியது. சில நொடிகள் அசைவே இல்லை. பிறகு எழுந்தார், நடந்து ஓரத்துக்குப் போனார். மறுபடி களமிறங்க அவருக்கு மனமிருந்தது, பயிற்சியாளர் விடவில்லை. அப்போது வயது 37. எட்டு மாதங்களுக்கு மேல் யோசித்து, 2000 ஜூனில் ஓய்வை அறிவித்தார். தம்மால் இன்னும் ஆட முடியும் என்பதில் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை. கை நன்றாக இருந்தது, கால் நன்றாக இருந்தது. அவரை நிறுத்தியது, ஓய்வறிவித்த நாளில் எந்த வலியும் தராத ஓர் உறுப்பு.

இந்த ஆட்டத்தைப் பற்றி நான் எழுதுவதைப் பார்த்து நண்பர்கள் புருவம் உயர்த்தக்கூடும். சங்க இலக்கியம் நடத்துகிறவனுக்கு அமெரிக்கக் கால்பந்தில் என்ன வேலை என்று கேட்பதும் நியாயம்தான். காரணம் குடும்பம் சார்ந்தது. என் அக்கா டல்லாஸ் நகருக்கு அருகே இருக்கிறாள். அவளுடைய மகனுக்குப் பதினாறு வயது. பள்ளி அணியில் குவார்ட்டர்பேக். சென்ற இலையுதிர்காலத்தில் ஒரு பயிற்சி ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இரண்டு வாரம் இருட்டறையில் கிடந்து எழுந்தான் (முழு இருட்டு அவசியமில்லை என்று இப்போதைய மருத்துவம் சொல்கிறது, ஆனால் விளக்கைப் போட்டால் அவனுக்கு வாந்தி வந்தது). மீண்டும் ஆட வேண்டும் என்கிறான். அக்கா என்னிடம் சொன்னாள்: “நீ பேசுடா. நாங்க சொன்னா சண்டையில முடியுது. தாய்மாமன் சொன்னா கேப்பான்.” தாய்மாமனுக்கு இன்னும் அந்த அதிகாரம் மிச்சமிருப்பதாக அவள் நம்புவது எனக்குப் பெருமையாகவும் சங்கடமாகவும் இருந்தது. பேசுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டுமல்லவா? நான்கைந்து மாதங்கள் படித்தேன், பழைய ஆட்டங்களைப் பார்த்தேன். அதன் விளைவு இக்கட்டுரை.

நாம் கால்பந்து என்று சொல்லும் ஆட்டத்துக்கும் இதற்கும் பெயரைத் தவிரப் பொது ஒன்றுமில்லை. இங்கே பந்தைக் கையால்தான் எறிகிறார்கள், ஏந்துகிறார்கள், கட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். பதினொருவர் கொண்ட அணியில் ஒருவன் குவார்ட்டர்பேக். ஒவ்வொரு முறையும் பந்து முதலில் அவன் கைக்கு வரும். இரண்டு அல்லது மூன்று நொடிக்குள், தூரத்தில் வெவ்வேறு திசைகளில் ஓடும் தன் ஆட்களில் யாருக்கு எறிவது என்று அவன் முடிவு செய்ய வேண்டும். அந்த நேரத்தில் நூற்றிருபது, நூற்றிமுப்பது கிலோ எடையுள்ளவர்கள் அவனை வீழ்த்த ஓடிவருகிறார்கள். இவனுக்கு இட்ட கட்டளை, வருகிறவர்களைப் பார்க்காதே என்பது. தூரத்தைப் பார்க்க வேண்டும். வருகிறவனைப் பார்க்கத் தொடங்கிவிட்ட குவார்ட்டர்பேக்கைப் பயிற்சியாளர்கள் கெட்டுப்போனவனாகவே கருதுகிறார்கள். எறிந்து முடித்த கணத்தில் அவன் உடல் முழுக்கத் திறந்து கிடக்கிறது. கை முன்னே நீண்டிருக்கும், கால் ஒன்று தரையில் ஊன்றியிருக்கும், தன்னைக் காத்துக்கொள்ள அவனிடம் எதுவும் இல்லை. அடி பெரும்பாலும் அப்போதுதான் விழுகிறது.

அவன்தான் அணியின் மூளையும்கூட. 1994 முதல் அவன் ஹெல்மெட்டுக்குள் ஒரு சிறு வானொலிப் பெட்டி இருக்கிறது. பயிற்சியாளரின் குரல் அதில் நேரே காதுக்கு வரும். அணியிலேயே அதிகச் சம்பளம் பெரும்பாலும் அவனுக்குத்தான். எனவே அவன் தலைக்கு அடிபட்டால் அது ஓர் ஆளின் காயமாக மட்டும் நிற்பதில்லை. ஒரு நிறுவனத்தின் அந்தப் பருவமே அதில் தொங்குகிறது.

யங்கின் பெயரோடு சேர்த்துச் சொல்ல வேண்டியவர் ட்ராய் எய்க்மன். டல்லாஸ் கௌபாய்ஸ் அணிக்கு மூன்று சூப்பர் பவுல் கோப்பைகளை வென்று தந்தவர். 1994 ஜனவரி 23, சூப்பர் பவுலுக்கு முந்தைய ஆட்டம். எதிரில் சான் பிரான்சிஸ்கோ அணி. அதன் குவார்ட்டர்பேக் இதே ஸ்டீவ் யங். எய்க்மனின் தலையில் எதிரணி வீரர் ஒருவரின் முழங்கால் இடித்தது. டல்லாஸ் வென்றது. ஊரெங்கும் கொண்டாட்டம். எய்க்மன் மருத்துவமனையில், விளக்கணைத்த அறையில். அவருடைய முகவர் லே ஸ்டைன்பெர்க் அன்றிரவு அருகிலிருந்தார். அந்த இரவைப் பற்றி ஸ்டைன்பெர்க் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். தாம் எங்கே இருக்கிறோம், இன்று ஆட்டம் இருந்ததா, தாம் நன்றாக ஆடினோமா, சூப்பர் பவுலுக்குப் போகிறோமா என்று எய்க்மன் வரிசையாகக் கேட்டார். ஆம், போகிறோம் என்றதும் முகம் மலர்ந்தது. சில நிமிடங்கள் கழித்து அதே கேள்விகள், அதே வரிசையில், அதே மலர்ச்சி. இன்னும் சிறிது நேரத்தில் மறுபடியும்.

ஏழு நாள் கழித்து, ஜனவரி 30 அன்று, எய்க்மன் சூப்பர் பவுலில் ஆடினார், வென்றார். அதற்கு முந்தைய வாரத்து ஆட்டம் அவர் நினைவில் இன்றுவரை இல்லை. இன்றைய விதிகளின்படி அவ்வாறு ஆட அனுமதிப்பார்களா என்பது ஐயமே. அன்று யாரும் அதைப் பெரிதாகக் கேட்கவில்லை. 2000 டிசம்பரில் வாஷிங்டன் அணிக்கெதிரான ஆட்டத்தில் இன்னோர் அடி. அதுவே கடைசி ஆட்டமாயிற்று. 2001 மார்ச்சில் அணி அவரை விடுவித்தது, ஏப்ரலில் அவர் ஓய்வை அறிவித்தார். வயது 34. தம்மை நிறுத்தியது முதன்மையாக முதுகுவலிதான், தலையல்ல என்று அவர் பலமுறை கூறியிருக்கிறார். அதை நம்பாமலிருக்க எனக்குக் காரணமில்லை. ஆனால் ஊர் அவரைத் தலைக்காயத்தோடு சேர்த்தே நினைவில் வைத்திருக்கிறது.

யங், எய்க்மன் இருவருக்கும் முகவர் ஒருவரே. ஒப்பந்தத் தொகையை உயர்த்திப் பேசுவது தொழிலாகக் கொண்ட மனிதர், அந்த இருட்டறைக்குப் பிறகு தலைக்காயம் பற்றி மருத்துவர்களைக் கூட்டி மாநாடுகள் நடத்தத் தொடங்கினார். எத்தனை அடிக்குப் பிறகு நிறுத்த வேண்டும் என்பதுதான் அவர் மருத்துவர்களிடம் கேட்ட கேள்வி. தெளிவான விடை கிடைக்கவில்லை. இன்றும் அப்படியொரு எண் இல்லை.

இந்தக் காயத்துக்குத் தமிழில் பெயர் வைப்பதில் எனக்கொரு தொழில்முறைச் சிக்கல் உண்டு. கன்கஷன் என்பதை மூளையதிர்ச்சி என்கிறோம். ஆனால் அதிர்ச்சி என்பது நமக்குச் செய்தி கேட்டு வருவது. மூலச்சொல்லான இலத்தீனில் அதற்குக் குலுக்குதல் என்று பொருள். மூளைக் குலுக்கல் என்றால் சரியாக இருக்கும். ஆனால் குலுக்கல் என்ற சொல்லை லாட்டரிச் சீட்டுக்காரர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். (யோசித்துப் பார்த்தால் அதுவும் அவ்வளவு பொருத்தமற்றதல்ல.) மண்டையோட்டுக்குள் மூளை ஒரு நீரில் மிதந்துகொண்டிருக்கிறது. தலை சட்டென்று நிற்கும்போதும் திரும்பும்போதும் அது பின்தங்கித் தானும் முறுக்கிக்கொள்கிறது. நரம்பணுக்களின் நீண்ட இழைகள் இழுபடுகின்றன. ஹெல்மெட் மண்டையோடு உடையாமல் காக்கும். உள்ளே நடக்கும் இந்த முறுக்கலை அதனால் நிறுத்த முடியாது. வழக்கமான ஸ்கேன் படத்தில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. கேள்விகள் கேட்டும், நடக்கச் சொல்லியும், கண்ணைப் பார்த்தும்தான் கண்டறிகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அடிபட்டவன் வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

புறத்திணை நடத்தும்போது விழுப்புண்ணையும் புறப்புண்ணையும் மாணவர்களுக்கு விளக்குவேன். மார்பில் பட்டது பெருமை, முதுகில் பட்டது இழிவு. மார்பில் பாய்ந்த வேல் முதுகையும் துளைத்ததால் உண்டான புண்ணுக்கே நாணி வடக்கிருந்த சேரனின் கதையைக் கேட்டு வகுப்பு எப்போதும் அமைதியாகிவிடும். இரண்டு புண்ணும் பிறர் கண்ணுக்குப் படுவன. அவற்றின் மதிப்பே அதில்தான் இருக்கிறது. பார்ப்பவர் இல்லாத புண்ணுக்கு வீரத்தின் அகராதியில் சொல் இல்லை. இது நம் முன்னோர்க்கு மட்டுமுள்ள குறை அன்று, அமெரிக்காவிலும் இல்லை. “மணி அடித்துவிட்டது” என்கிற மாதிரி ஒரு வேடிக்கைச் சொல்தான் அவர்களிடம் நெடுங்காலம் புழங்கியது.

அலெக்ஸ் ஸ்மித்தின் வாழ்க்கையைப் படித்தபோது இந்த வேறுபாடு எனக்கு மிகத் துலக்கமாகத் தெரிந்தது. 2012ஆம் ஆண்டு அவர் சான் பிரான்சிஸ்கோ அணியின் குவார்ட்டர்பேக். பல ஆண்டுகள் ஏச்சு வாங்கி, கடைசியில் தம் ஆட்டத்தைக் கண்டடைந்திருந்த காலம். அக்டோபர் 29 அன்று அவர் எறிந்த 19 பந்துகளில் 18 சரியான கைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. அடுத்த ஆட்டம் நவம்பர் 11. தலையில் அடிபட்டது. பார்வை மங்கலாகவே இருக்க, அந்த நிலையிலும் ஒரு டச்டவுன் எறிந்துவிட்டு வெளியேறினார். தமக்கு என்ன ஆயிற்று என்பதைச் சொன்னார். விதிப்படி உட்காரவைத்தார்கள். காலின் கேப்பர்னிக் என்ற இளைஞர் அவரிடத்தில் இறங்கி, அடுத்த திங்கட்கிழமை இரவு சிகாகோ அணியை 32-7 என்று துவைத்தெடுத்தார். ஸ்மித் குணமடைந்தார். மருத்துவர்கள் ஆடலாம் என்றார்கள். இடம் திரும்பக் கிடைக்கவில்லை. அந்தப் பருவத்தில் அணி சூப்பர் பவுல் வரை போனது; ஸ்மித் ஓரத்தில் நின்று பார்த்தார். பிறகு கான்சஸ் சிட்டிக்கு மாற்றிவிட்டார்கள்.

பயிற்சியாளர் செய்தது தவறென்று சொல்ல முடியாது. அவர் நன்றாக ஆடுகிறவனை ஆடவைத்தார். ஆனால் அந்த ஆண்டு நாட்டில் இருந்த ஒவ்வொரு குவார்ட்டர்பேக்கும், பள்ளிச் சிறுவன் உட்பட, அதிலிருந்து ஒன்றைக் கற்றுக்கொண்டிருப்பான். எந்த மருத்துவக் குழுவின் சுற்றறிக்கையும் அதை அழித்துவிட முடியாது.

அதே ஸ்மித் 2018 நவம்பர் 18 அன்று, அப்போது வாஷிங்டன் அணியில், வலக்காலின் எலும்புகள் முறிந்து விழுந்தார். தொற்று பரவிக் காலையும் உயிரையும் இழக்கும் நிலைக்குப் போனார். பதினேழு அறுவை சிகிச்சைகள். 2020 அக்டோபரில் மறுபடி களமிறங்கினார். நாடே எழுந்து நின்றது. அந்த ஆண்டு மீண்டெழுந்த வீரருக்கான விருது அவருக்குத்தான். தகுதியானதே, அந்தக் காலின் படத்தைப் பார்த்தவர்கள் மறுக்கமாட்டார்கள். ஒரே மனிதர். எல்லார் கண்ணுக்கும் தெரிந்த புண் அவருக்கு விருதைத் தந்தது. யாருக்கும் தெரியாத புண், அதை அவர் மறைக்காமல் சொன்னதால், வேலையைக் கொண்டுபோயிற்று.

இதை என் மருமகனிடம் சொன்னபோது அவன் சிரித்தான். ஸ்மித்தின் கதை அவனுக்கு முன்பே தெரியும். “அதான் மாமா நானும் சொல்றேன். அன்னிக்கு நான் சொல்லாம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. சொன்னேன். இப்ப என் இடத்துல இன்னொருத்தன் ஆடறான்.” அவன் தமிழ் அக்கா வீட்டுச் சமையலறையில் கற்றது, நன்றாகவே பேசுவான். அந்தப் பயலின் குரலில் வருத்தத்தைவிடக் கணக்கு அதிகம் இருந்ததுதான் என்னைத் தூங்கவிடவில்லை. அடுத்த முறை சொல்வாயா என்று கேட்டேன். “சொல்வேன் மாமா” என்றான். கொஞ்சம் தாமதித்துச் சொன்னான்.

நீண்ட காலத்தில் என்ன ஆகும் என்பது வேறொரு கதை. 2002இல் இறந்த பிட்ஸ்பர்க் வீரர் மைக் வெப்ஸ்டரின் மூளையை, நைஜீரியாவில் பிறந்த நோயியலாளர் பெனட் ஒமாலு ஆராய்ந்து, டௌ என்னும் புரதம் திரிந்து படிந்திருப்பதைக் கண்டு, 2005இல் எழுதினார். சுருக்கமாக சிடிஇ என்கிறார்கள். தேசியக் கால்பந்து லீகின் மருத்துவக் குழு அக்கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லி எழுதியது. மூளைக்காயத்துக்கென 1994இல் அமைக்கப்பட்ட அந்தக் குழுவுக்கு நெடுங்காலம் தலைமை தாங்கியவர் ஒரு மூட்டுநோய் மருத்துவர் என்பதை நான் கற்பனையாகச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். பிறகு வழக்குகள், 2013இல் ஒரு சமரசம், 2015இல் நீதிமன்ற ஒப்புதல், நூறு கோடி டாலருக்கும் மேற்பட்ட இழப்பீடு. அது வழக்கறிஞர்களின் கதை, இங்கே வேண்டாம்.

போஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆன் மெக்கீயின் குழு 2017இல் வெளியிட்ட ஆய்வில், அவர்கள் பார்த்த முன்னாள் லீக் வீரர்களின் மூளைகள் 111. அவற்றில் 110இல் இந்நோய். எண் பயங்கரமானது. ஆனால் இதைச் சொல்லும் பலர் விட்டுவிடுகிற ஒன்றை அந்த ஆய்வாளர்களே சொல்லியிருக்கிறார்கள்: சந்தேகம் இருந்த குடும்பங்களே பெரும்பாலும் மூளையைக் கொடுக்கின்றன. எனவே நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு வரும் என்று பொருளல்ல. 2023இல் அதே குழு முப்பது வயதுக்குள் இறந்த 152 இளம் ஆட்டக்காரர்களைப் பற்றி எழுதியது. 63 பேருக்கு இருந்தது. இதற்கும் அதே எச்சரிக்கை பொருந்தும். அக்காவிடம் நான் இந்த இரண்டாவது எண்ணைச் சொல்லவில்லை.

குவார்ட்டர்பேக்குகளைப் பொறுத்தவரை ஒரு நுட்பம் உண்டு. இந்நோய்க்குக் காரணம் மயங்கி விழவைக்கும் பெரிய அடிகள் மட்டுமல்ல. ஆண்டுக்கணக்கில் சேரும் ஆயிரக்கணக்கான சிறு இடிகளே முக்கியம் என்பது இப்போது வலுவாக நிற்கும் கருத்து. முன்வரிசையில் ஒவ்வொரு முறையும் தலையோடு தலை முட்டுகிறவர்களை ஒப்பிட்டால் குவார்ட்டர்பேக்குக்கு அந்தச் சிறு இடிகள் குறைவு. பயிற்சியில் அவனைத் தொடவே கூடாது. தனி நிறச் சட்டை போட்டிருப்பான். இது ஆறுதலா? கென் ஸ்டேப்லரை நினைத்தால் இல்லை. எழுபதுகளில் ஓக்லண்ட் ரைடர்ஸ் அணியின் நாயகர், ‘பாம்பு’ என்று செல்லப்பெயர். 2015 ஜூலையில் புற்றுநோயால் இறந்தார், வயது 69. தம் மூளையை ஆராய்ச்சிக்குக் கொடுக்கச் சொல்லியிருந்தார். நான்கு நிலைகளில் மூன்றாம் நிலை சிடிஇ என்று 2016 பிப்ரவரியில் செய்தி வந்தது. அதே வாரத்தில் அவர் ஆட்டத்தின் புகழ்மண்டபத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். உயிரோடிருக்கும்போது அவருக்கு இரண்டுமே கிடைக்கவில்லை. பெருமையும் தாமதம், நோயின் பெயரும் தாமதம். உயிரோடு இருப்பவரிடம் இந்நோயை உறுதி செய்ய இன்றும் வழியில்லை. முடிவெடுக்க வேண்டியவனுக்குத் தேவையான தகவல், முடிவெடுக்க அவன் இல்லாதபோதுதான் வருகிறது.

(ஒரு தற்செயல்: யங், ஸ்டேப்லர், அடுத்து சொல்லப்போகும் டுவா மூவரும் இடக்கைக்காரர்கள். என் மருமகனும். இதில் எந்தப் பொருளும் இல்லை. அக்காவுக்கு மட்டும் இதைச் சொல்லிவிட வேண்டாம்.)

டுவா டங்கோவைலோவா, ஹவாயில் பிறந்த சமோவா வழி வந்தவர். மயாமி டால்ஃபின்ஸ் அணிக்கு ஆடினார். 2022 செப்டம்பர் 25 அன்று தள்ளப்பட்டு விழுந்ததில் தலையின் பின்புறம் தரையில் மோதியது. எழுந்தார், தலையை உதறினார், இரண்டடி ஓடிக் கால் மடங்கி விழுந்தார். தோழர்கள் தாங்கிப் பிடித்தார்கள். முதுகுக் கோளாறு என்று சொல்லப்பட்டது. இடைவேளைக்குப் பின் திரும்ப ஆடினார். நான்கே நாளில், வியாழன் இரவு, சின்சினாட்டியில் மறுபடி தூக்கி எறியப்பட்டார். இம்முறை அவருடைய விரல்கள் முகத்தின் முன்னே விறைத்துக் கோணி நின்றுவிட்டன. மூளைத்தண்டு அடி வாங்கியதன் அடையாளம் அது என்கிறார்கள். நான் அந்தக் காணொளியை ஒருமுறைதான் பார்த்தேன். முகமூடிக்குப் பின்னால் ஒரு பிள்ளையின் கைகள், தன்னுடையவை அல்லாதவை போல.

முதல் ஆட்டத்தில் அவரைப் பரிசோதித்த ஆலோசகரை வீரர்கள் சங்கம் நீக்கியது. நடைமுறை பின்பற்றப்பட்டது, ஆனால் நோக்கம் நிறைவேறவில்லை என்று விசாரணை சொன்னது. அரசு அலுவலகக் கடிதங்களைப் படித்துப் பழகிய நமக்கு இந்த வாக்கியம் புதிதாக இராது. அக்டோபரில் விதி மாற்றப்பட்டது: தள்ளாட்டம் கண்டால், காரணம் எதுவாயினும், அன்று திரும்ப ஆடக்கூடாது. டிசம்பர் 25 அன்று டுவாவுக்கு மறுபடி தலையடி. பருவம் அத்தோடு முடிந்தது.

அப்போது விலகிவிடலாமா என்று மனைவியோடும் குடும்பத்தோடும் பேசியதாக 2023 ஏப்ரலில் அவரே சொன்னார். வயது 25. தம் மகன் வளர்ந்து, அப்பா செய்வது இன்னதென்று புரிந்து பார்க்கும் வரை ஆட வேண்டும் என்பது அவர் ஆசை. அந்தக் கோடையில் ஜியு-ஜிட்ஸு கற்றார். தாக்குவதற்கு அல்ல, விழுவதற்கு. தலை தரையில் படாமல் எப்படி உருள்வது என்று மாதக்கணக்கில் விழுந்து பழகினார். 2023இல் எல்லா ஆட்டங்களும் ஆடினார். எறிந்து கடந்த தூரத்தில் லீகிலேயே முதலிடம், 4,624 கெஜம். 2024 ஜூலையில் நான்காண்டு ஒப்பந்தம்: 21 கோடியே 24 லட்சம் டாலர்.

ஏழு வாரத்தில், 2024 செப்டம்பர் 12 அன்று, ஆட்டம் ஏறத்தாழக் கைவிட்டுப் போன நிலையில், பந்தோடு தாமே ஓடினார். குவார்ட்டர்பேக் ஓடும்போது கால் முன்னால் நீட்டிச் சறுக்கி உட்கார்ந்துவிட்டால் அவனை யாரும் அடிக்கக்கூடாது என்பது விதி. அவர் சறுக்கவில்லை. இன்னும் ஓரிரு கெஜம் வேண்டியிருந்தது. தலையைத் தாழ்த்தி டமார் ஹாம்லின் மேல் மோதினார். அதே விரல்கள், அதே கோணல். ஹாம்லின் யாரென்றால், 2023 ஜனவரி 2 அன்று, டுவா விழுந்த அதே சின்சினாட்டி மைதானத்தில், மார்பில் பட்ட அடியால் இதயம் நின்று, மைதானத்திலேயே உயிர்ப்பிக்கப்பட்டவர். இப்படி ஒரு சந்திப்பைக் கதையில் எழுதினால் ஆசிரியர்கள் அடித்துவிடுவார்கள்.

எதிரணிப் பயிற்சியாளர் ஒருவர் வெளிப்படையாகவே ஓய்வு பெறச் சொன்னார். தலைக்கவசத்தின் மேல் போடும் மெத்தை உறையைப் போடலாமே என்றார்கள். அது என் விருப்பம், போடமாட்டேன் என்றார் டுவா. எங்கும் ஆபத்து இருக்கிறது, காரில் வேலைக்குப் போவதிலும்தான் என்றார். அக்டோபர் 27 அன்று ஆட வந்தார். அந்தப் பணத்தைப் பற்றிப் பலர் ஏளனமாகப் பேசினார்கள். நான் பேசமாட்டேன். தாமாக விலகுகிறவரும் மருத்துவர் தடுத்து விலகுகிறவரும் ஒப்பந்தத்தின் கண்ணில் ஒன்றல்ல. முன்னவர் இனி வரவேண்டியதை விட்டுக்கொடுத்துப் போகிறார். 26 வயதில், மருத்துவர்கள் ஆடலாம் என்று சொல்லும்போது, ஒரு குடும்பத்தின் தலைமுறைகளுக்கான செல்வத்தை ‘ஒருவேளை’ என்ற ஒரு சொல்லுக்காக விட்டுவிட எத்தனை பேரால் முடியும்? ஆனால் அந்தக் கார் உவமை என்னை உறுத்துகிறது. காரோட்டுகிறவனை நோக்கி யாரும் குறிபார்த்து ஓட்டுவதில்லை.

யங்குக்கு 37 வயது, கோப்பைகள் கையில், சட்டப் படிப்பு வேறு முடித்திருந்தார். விலகிப் போக அவருக்கு ஓர் இடம் இருந்தது. விலகுவது துணிவா கோழைமையா என்று விவாதிக்கிறவர்கள் இந்தச் சாதாரண விஷயத்தை மறந்துவிடுகிறார்கள்.

என் மருமகனுக்குப் பணம் பற்றிய பேச்சே இல்லை. அவன் கல்லூரியில்கூட ஆடப்போவதில்லை; அது அவனுக்கே தெரியும். அவனுக்கு வேண்டியது இன்னும் இரண்டு பருவம், வெள்ளிக்கிழமை இரவுகள், விளக்கொளி, தோழர்கள் சூழ்ந்து அவன் வாயைப் பார்த்து நிற்கும் அந்த வட்டம். அந்த ஊரில் வளரும், வேற்று நிறமும் வேற்றுப் பெயரும் கொண்ட ஒரு பையனுக்கு அந்த வட்டம் என்ன தருகிறது என்பதை நான் இங்கிருந்து எடைபோடத் துணியமாட்டேன். ஆனாலும் கேட்டதற்குப் பதில் சொன்னேன். வேண்டாம் என்பதே என் கருத்து என்றேன். ஒருமுறை அடிபட்டவனுக்கு மறுபடி அடிபடுவது எளிது, உன் மூளை இன்னும் வளர்ந்து முடியவில்லை, நீ படிக்க வேண்டியது நிறைய இருக்கிறது என்றேன். கர்ட் வார்னரைப் பற்றியும் சொன்னேன். சூப்பர் பவுல் வென்ற குவார்ட்டர்பேக்; தம் மகன்கள் இந்த ஆட்டத்தை ஆடாமலிருந்தால் நல்லது என்று 2012இல் சொல்லிப் பழைய வீரர்களிடம் வசை வாங்கியவர்.

“மாமா,” என்றான், “அவர் பையன் காலேஜ்ல குவார்ட்டர்பேக்கா ஆடினானே, தெரியுமா?”

தெரியும். டெம்பிள் பல்கலைக்கழக அணியில் 2022 முதல். அதை நான் சொல்லாமல் விட்டிருந்தேன், அவன் எடுத்துக்கொண்டான்.

பள்ளிப் பயிற்சி ஆகஸ்டில் தொடங்கும். அதற்கு முன் பெற்றோர் ஒரு படிவத்தில் கையெழுத்திட வேண்டும். தலைக்காயத்தின் அபாயங்களைப் படித்துப் புரிந்துகொண்டோம் என்று. 2009இல் வாஷிங்டன் மாநிலம் பள்ளி ஆட்டக்காரர்களுக்காக ஒரு சட்டம் கொண்டுவந்த பின் எல்லா மாநிலங்களும் அப்படி ஏதோ ஒன்றை இயற்றியிருக்கின்றன. அக்கா அந்தப் படிவத்தைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறாள். அத்தான் ஒருமுறை எடுத்து உள்ளே வைத்தாராம். பையன் மறுபடி ஒட்டிவிட்டான்.

இடைப்பட்ட மாதங்களில் அவன் ஃபிளாக் ஃபுட்பால் ஆடுகிறான். யாரும் யாரையும் வீழ்த்துவதில்லை. இடுப்பில் தொங்கும் துணிப்பட்டையைப் பிடுங்கினால் போதும். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் இதைச் சேர்த்திருக்கிறார்கள். நல்ல ஆட்டம்தான், ஆனால் அது வேற மாமா என்கிறான். போன ஞாயிறன்று அக்கா ஒரு காணொளி அனுப்பினாள். அவன் பின்வாங்கி, தூரத்தைப் பார்த்து, இடக்கையால் எறிகிறான். பந்து யாரிடம் போய்ச் சேர்ந்தது என்று தெரியவில்லை. அவள் அவனை மட்டுமே படம் பிடித்திருக்கிறாள்.